ஒற்றைக் கைக்குச் சுருட்டிய ரொட்டி

செப்டம்பர் 18, புதன்

இன்று கையில் தொலைபேசி இல்லை. அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். மெடத்தின் மகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்குக் கொப்பி. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதினால் பெய்ரூத்தில் இந்த ஐந்தாம் மாடியில் வாசிக்க ஆளில்லை.

நேற்றுப் பிற்பகல் ஊரெங்கும் ஆட்களின் இடுப்பில் இருந்த சின்னச் செய்திக் கருவிகள் ஒன்றாக வெடித்தன. இன்றைக்கு வேறு வகைக் கருவிகள். எதிர்த்த மருந்துக்கடைக்காரரின் தம்பிக்குக் கண் போய்விட்டதாம். மெடம் ஹனான் வீட்டில் இருந்த எல்லாத் தொலைபேசிகளையும் துவாயில் சுற்றி பல்கனியில் வைத்துவிட்டார். பிள்ளைகளின் விளையாட்டு ரிமோட்டும் அதோடு போனது. என்னுடையதையும் கேட்டார்.

"இது பழசு மெடம். ஒண்ணும் ஆகாது."

"லோகி, தா."

கொடுத்துவிட்டேன். அதன்பிறகு நாள் முழுவதும், குளிர்சாதனப் பெட்டி உறுமினாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

எனக்குப் பயமில்லை. வேலை இருக்கும்போது பயப்பட நேரம் எங்கே? இந்த வீட்டில் மெடம், அவர் கணவர் நதீம், இரண்டு பிள்ளைகள், நதீமின் அப்பா. அப்பாவை எல்லாரும் அபு நதீம் என்கிறார்கள். நதீமின் தகப்பன் என்று அர்த்தம். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கையும் 'லா' என்ற சொல்லும். லா என்றால் இல்லை, வேண்டாம், கூடாது. எல்லாவற்றுக்கும் அதுதான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ரொட்டிச் சுருள் கடை வைத்திருந்தவராம். ஒரு கையால் தானாக உண்ணக்கூடிய சாப்பாடு அது ஒன்றுதான் என்பதால் மூன்று வேளையும் அதுவே கேட்பார். மெல்லிய வட்ட ரொட்டி. அதன்மேல் லப்னே என்கிற கெட்டித் தயிர், வெள்ளரி, ஒலிவ் காய், புதினா. இதைச் சுருட்டித் தந்தால் இங்கே அதற்கு 'அரூஸ்' என்று பெயர். மணப்பெண் என்று பொருள். ஏனென்று மெடத்துக்கும் தெரியவில்லை. வெள்ளை உடுத்திச் சுற்றிக்கொண்டு வருவதாலோ என்னவோ.

இன்று காலை நான் சுருட்டிய மணப்பெண்ணின் அடிப்பக்கத்தால் தயிர் ஒழுகி அவர் சட்டையில் விழுந்தது. எடுத்துச் சுவரில் எறிந்தார். சுவரைத் துடைத்தேன். குண்டுக்குப் பயமில்லை, இந்தக் கிழவரின் இடது கைக்குக் கொஞ்சம் பயம்.

செப்டம்பர் 20, வெள்ளி

தொலைபேசி திரும்பக் கிடைத்தது. ஊருக்கு, மஸ்கெலியாவுக்கு, போன் எடுத்தேன். மகள் துஷாந்தினி என் அக்கா வீட்டில் இருக்கிறாள், ஏழாம் வகுப்பு.

"அம்மா, அங்கின பிரச்சினையாமே? ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க."

"அதெல்லாம் வேற பக்கம் புள்ள. நமக்கு ரொம்பத் தூரம்."

அதைச் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன. பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். நாலைந்து தெருவுக்கு அப்பால் ஒரு கட்டடம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தூசி நின்றது. வானத்தில் ஆளில்லா விமானம் ஒன்று காலையிலிருந்து மாவு மில் மாதிரி அரைத்துக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் அதற்கும் பெண் பெயர் வைத்திருக்கிறார்கள், உம் காமில். காமிலின் அம்மா. அந்தப் பெயர் வைத்தவன் பயந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சுருட்டும்போது தயிரை ஓரம்வரை பூசாமல் ஒரு விரல் அகலம் விட்டுப் பார்த்தேன். ஒழுகவில்லை. கிழவர் சாப்பிட்டார். சுவரில் எறியவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

தெற்கே காலையிலிருந்து ஊர் ஊராகக் குண்டு போட்டு அடிக்கிறார்களாம். பிற்பகலில் தெரு முழுக்கத் தெற்கிலிருந்து வந்த கார்கள். கூரையில் மெத்தை, மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் கதிரை, டிக்கி திறந்தபடி அதற்குள் பிள்ளைகள். ஒரு கார் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. உள்ளே இருந்தவர்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். மெடம் சொன்னார், இருக்கிற ரொட்டியை எல்லாம் சுருட்டிக் கீழே கொண்டு போய்க் கொடு என்று. கொடுத்தேன். மெடம் கெட்டவர் இல்லை.

நான் திரும்பி வந்தபோது மெடமும் நதீமும் அறைக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். கட்டிலின் மேல் பெட்டிகள் திறந்திருந்தன.

செப்டம்பர் 24, செவ்வாய்

போய்விட்டார்கள்.

மலையில் மெடத்தின் தங்கை வீட்டுக்கு. காரில் நதீம், மெடம், பிள்ளைகள், பெட்டிகள், பூனை. கரண்ட் இல்லாததால் லிஃப்ட் இல்லை. அபு நதீமை இறக்க முடியாது, சாயங்காலம் ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம் என்றார் நதீம்.

"நானும் அவரும் அதுல வாறதா மிஸ்டர்?"

"ஆமா, ஆமா. ரெண்டு பேரும்."

"என் பாஸ்போட்?"

"மேசை லாச்சியில பத்திரமா இருக்கு. நீ ஒண்ணுக்கும் யோசிக்காத."

அது எப்போதும் பூட்டிய லாச்சி. வந்த நாளிலிருந்து அதற்குள்தான் கிடக்கிறது.

மெடம் என் தோளைப் பிடித்து அழுதார். பிறகு வாசல் கதவைச் சாத்தினார்கள், சாவி சுற்றும் சத்தம் கேட்டது. திருடர் பயத்துக்காக இருக்கும். உள்ளேயிருந்து திறக்க எனக்குச் சாவி கிடையாது. வந்த நாளிலிருந்து கிடையாது.

சாயங்காலம் வரை கிழவருக்குச் சட்டை மாற்றி உட்கார வைத்திருந்தேன். தலை சீவிவிட்டேன். அவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 25, புதன்

ஆம்புலன்ஸ் வரவில்லை. நதீமுக்கு எடுத்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ரொட்டி முடிந்துவிட்டது. கோதுமை மா இருக்கிறது, காஸ் இருக்கிறது. ஆனால் இங்கத்தைய மெல்லிய ரொட்டியை ஒரு குமிழ்போல வளைந்த இரும்புக் கல்லின்மேல் சுடுவார்கள். வீட்டில் அது இல்லை. தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து அடுப்பில் வைத்தேன். மாவைத் தண்ணீர் விட்டுத் தளர்வாகப் பிசைந்து, ஊறவிட்டு, கையால் தட்டித் தட்டி விரித்து அதன் முதுகில் போட்டேன். முதல் இரண்டும் கிழிந்தன. மூன்றாவது கருகியது. நாலாவது துணிபோல வந்தது. சுட்டதும் ஈரத்துணிக்குள் மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருட்டும்போது உடையும். தயிரும் இல்லை. வெங்காயம், தக்காளி, உப்பு, மிளகாய்த் தூள் வைத்து அரைத்த சம்பல்தான்.

அடிமுனையை மடித்து, இறுக்கிச் சுருட்டி, கீழ்ப்பாதிக்குக் காகிதம் சுற்றி இடது கையில் கொடுத்தேன். கிழவர் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பு. "லா" என்றார். ஆனால் இன்னொரு தடவை கடித்தார். முடித்துவிட்டு விரலைக்கூட நக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கேயோ அடித்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பல்கனிக்கு அடுத்த பல்கனியில் ஹிவோத் வந்து நின்றாள். எத்தியோப்பியாக்காரி, பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவள். அவளுடைய மெடமும் போய்விட்டார், ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் இருவருக்கும் பொது மொழி அரபிதான். அதில் பாதி கையும் கண்ணும்தான். எனக்கு அவள் பேசுவது தமிழ் போலவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன். மெடம் வீட்டில் நான் லோகி, இவளுக்கு லோகா.

"லோகா, நான் போகப் போறேன். நீயும் வா."

"கதவு பூட்டியிருக்கு."

"ஒடைப்போம்."

"கெழவர் இருக்காரே."

"அவரு ஒனக்கு அப்பாவா? மகனே விட்டுட்டுப் போயிட்டான்."

"நாளைக்குப் போவோம்," என்றேன்.

"நேத்தும் இதத்தான் சொன்ன."

நேற்றுச் சொன்னது உண்மைதான். எழுத மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இறங்கிவிட்டோம். மூன்று பேரும். எழுத்து எனக்கே விளங்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 28, சனி

கடற்கரை வீதி. நடைபாதையில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஹிவோத்தும் ஒரு பனைமரத்தடியில். அபு நதீம் எங்கள் சமையலறைப் பிளாஸ்டிக் கதிரையில், படுக்கை விரிப்பால் கட்டியபடி. பகலில் கடல் அமைதியாக இருக்கிறது. அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, இவ்வளவு நடந்தும் அது அப்படியே இருப்பதால்.

நேற்று மாலை இன்னும் வெளிச்சம் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் கேட்கவில்லை. நிலம் கீழே இறங்கி மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. சன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து விழுந்தது. நான் தொட்டிக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. வாய் நிறைய சுண்ணாம்புத் தூசி. தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்: அடுத்து இந்தத் தெருவுக்குத்தான், வெளியே போங்கள் என்று.

அதிர்ச்சியில் வாசல் நிலை வளைந்துவிட்டது. வெளியிலிருந்து ஹிவோத் தோளால் இடித்தாள். உள்ளேயிருந்து நான் இழுத்தேன். பூட்டின் நாக்கு கழன்று கதவு திறந்தது.

முதலில் என் பையைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். பிறகு ஏறிவந்து, கிழவரைக் கதிரையில் வைத்துக் கட்டி, முன்னால் ஹிவோத்தும் பின்னால் நானுமாக இறக்கினோம். படியில் வெளிச்சம் இல்லை. மூன்றாம் மாடியில் யாரோ ஒரு ஆள் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். இரண்டு தடவை இறங்கி ஒரு தடவை ஏறியதில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

காலையில் ஹிவோத் தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி சொன்னாள்: "நீ தெருமுனை வரைக்கும் ஓடிட்ட. திரும்பி ஏறி வர மாட்டேன்னு நெனச்சேன்."

தண்ணீர் குடித்தேன்.

நான் மறுபடி உள்ளே போனபோது கிழவர் திறந்த கதவைப் பார்த்தபடி அதே இடத்தில் இருந்தார். தலைமுடியில் எல்லாம் கண்ணாடித் துண்டு. 'லா' என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு பாடசாலையில் இடம் பெயர்ந்தவர்களை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கதிரையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் இருந்த வாலிபன் நல்லபடியாகத்தான் பேசினான்.

"பெரியவருக்கு இடம் தரலாம். ஒங்க ரெண்டு பேருக்கும் முடியாது. இது நாட்டு ஆட்களுக்கு மட்டும்."

"அவருக்கு யாரு சாப்பாடு குடுப்பா?"

"யாராவது பாப்பாங்க."

அந்த மண்டபத்தில் பிள்ளைகளின் மேசைகளுக்கு நடுவில் நூற்றுக்கணக்கான ஆட்கள். அழுகிற குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ள அவரவர் ஆட்கள் இருந்தார்கள். ஹிவோத் என் காதில், "வச்சிட்டு வா, இது நல்ல எடம்" என்றாள். நல்ல இடம்தான். நான் கதிரையைக் கீழே வைத்தேன். முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவிழ்க்காமல் கதிரையை மறுபடி தூக்கினேன்.

எனக்கு இரண்டு பயம். விட்டுவிட்டுப் போனால் கிழவரைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினாள் என்பார்கள். கொண்டு போனால் கடத்திக்கொண்டு போனாள் என்பார்கள். கதவு உடைந்தது வேறு. நதீமுக்குக் குரல்பதிவு அனுப்பினேன், எங்கே நிற்கிறோம் என்று. நீலக்குறி விழுந்தது. கேட்டுவிட்டார். பதில் இல்லை.

பிறகு ஒரு பெண், வெளிநாட்டு வேலைக்காரப் பெண்களுக்கு மலைச்சரிவில் ஒரு மாதா கோயில் மண்டபம் திறந்திருப்பதாகச் சொல்லித் தன் வேனில் ஏற்றினாள். அங்கே பொறுப்பாக இருப்பவர் பிலிப்பைன்ஸ் கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஜோசலின். எங்களைக் கட்டிப்பிடித்தார். கதிரையைப் பார்த்தார்.

"இவரு ஆம்பள. இங்க பொம்பளைங்க மட்டுந்தான் லோகா."

அங்கே நாங்கள் ஆகாது, இங்கே அவர் ஆகாது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. முழங்கால் வலி.

ஹிவோத்தான் பேசினாள். அவரை விட்டுவிட்டு வரச் சொன்ன அதே ஹிவோத். "சிஸ்டர், இவரு ரொட்டிக் கடைக்காரரு. ஒங்க அடுப்படியில ஆள் வேணும்தானே?"

சிஸ்டர் கிழவரின் மடங்கிப்போன வலது கையைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு, "அடுப்படிக்குப் பக்கத்துச் சாமான் அறையில படுக்கட்டும்" என்றார். இந்த இடத்தையும் சொல்லி நதீமுக்கு இன்னொரு குரல்பதிவு அனுப்பினேன்.

அக்டோபர் 2, புதன்

இந்த மண்டபத்தில் எத்தியோப்பியா, பங்களாதேஷ், கென்யா, நம் நாடு என்று பல ஊர்ப் பெண்கள். எல்லாருக்கும் ஒரே கதை. முதலாளி போய்விட்டார். சிலரைக் காரிலிருந்து வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

பகலெல்லாம் சமையலறையில் ரொட்டி சுருட்டுகிறோம். எங்களுக்கும், தெருவில் இருப்பவர்களுக்கும். பெரிய குமிழ்க்கல் இரண்டு வைத்திருக்கிறார்கள். நான் சுடுகிறேன், மற்றவர்கள் நிரப்பிச் சுருட்டுகிறார்கள். உருளைக்கிழங்கு, அவித்த கடலை, இருந்தால் முட்டை. அபு நதீமை மேசைத் தலைப்பில் உட்கார வைத்தேன். சுருளை ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்து, மெல்ல அழுத்திப் பார்த்து, தளர்வாக இருந்தால் "லா" என்று தள்ளிவிடுவார். பெண்கள் முதலில் கோபப்பட்டார்கள். கென்யாக்காரி வஞ்சிரு, "யாரு இந்த ராசா?" என்று கேட்டாள். ஆனால் அவர் தள்ளாத சுருள்கள் பையில் போட்டு மலைப்பாதையில் ஆட்டிக்கொண்டு போனாலும் பிரிவதில்லை என்று விநியோகத்துக்குப் போகிறவர்களே சொன்னார்கள்.

இன்று ஒரு சண்டை. இப்படிச் சுருட்டித் தின்பதை யார் கண்டுபிடித்தார்கள் என்று. வஞ்சிரு, சப்பாத்திக்குள் முட்டை வைத்துச் சுருட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம் என்றாள். பங்களாதேஷ் ரொக்சானா, பரோட்டாவுக்குள் இறைச்சி வைத்து எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ சுருட்டிவிட்டார்கள் என்றாள். ஹிவோத், எங்கள் நாட்டில் தட்டே ரொட்டிதான், அதில் கிழித்துச் சுருட்டித்தான் எல்லாமே என்றாள். என்னைக் கேட்டார்கள். தேயிலை மலையில் ரொட்டிக்குள் சம்பல் வைத்துச் சுருட்டி, கூடையை இறக்காமல் நின்றபடியே தின்போம் என்றேன். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சுட்டுக்கொண்டே யோசித்தேன். மேசையும் கதிரையும் நேரமும் இருக்கிறவன் ரொட்டியைச் சுருட்டியிருக்க மாட்டான். ஒரு கையில் ஆட்டுக்கயிறோ, பிள்ளையோ, துப்பாக்கியோ, மூட்டையோ பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான் சுருட்டியிருப்பார்கள். எந்த ஊரிலும்.

அந்த நேரம் மலைக்குக் கீழே வரிசையாக அடித்தது. பன்னிரண்டு பெண்கள் ஒரே மேசைக்கடியில். வெளியே வந்து பார்த்தால் அபு நதீம் மட்டும் கதிரையில் அப்படியே இருந்தார், முன்னால் சுருள்களோடு. அவரால் குனிய முடியாது என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கும்.

மாலையில் ஹிவோத் தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். எங்கள் தெரு. எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் கற்குவியல். என் பாஸ்போர்ட் அதற்கடியில். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்காக.

அக்டோபர் 4, வெள்ளி

துஷாந்தினிக்கு எடுத்தேன். சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ஹிவோத் ஒரு வாளியில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள். அவள் ஊர் ரொட்டிக்கு. குண்டு அதிரும்போதெல்லாம் ஓடிப்போய் வாளியைப் பிடித்துக்கொள்கிறாள். மாவு குலுங்கி அடங்கிவிட்டால் பொங்காதாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

நதீம் வந்தார்.

மத்தியானம் கார் வாசலில் நின்றது. தாடி வளர்ந்திருந்தது. சமையலறைக்குள் வந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு அழுதார். என்னைப் பார்த்ததும் குரல் மாறியது.

"யாரக் கேட்டுக் கதவ ஒடச்ச? ஒரு வாரமா எங்க அப்பாவ எங்க வச்சிருக்கன்னு தெரியாம நாங்க..."

"மிஸ்டர், வொய்ஸ் அனுப்பினேன். நீங்க கேட்டீங்க."

"ரோடு எல்லாம் அடிக்கிறான். எப்படி வாறது?"

அது உண்மையாகவும் இருக்கலாம். பயம் குண்டுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு மனிதர் குரலை உயர்த்தினால் இன்னும் எனக்கு உடம்பு சுருங்குகிறது.

அபு நதீம் மேசையைத் தட்டினார், இடது கையால். எல்லாரும் திரும்பினோம். வாய் கோணியது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தார்.

"கதவு," என்றார். மூச்சு வாங்கினார். "பூட்டு." பிறகு விரலை மகனின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "நீ."

ரொட்டி கல்லில் கருகிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. நதீம் தரையைப் பார்த்தார்.

சிஸ்டர் ஜோசலின்தான் முன்னால் வந்தார். "சரி மகனே, அப்பாவக் கூட்டிட்டுப் போ. இந்தப் பிள்ளையோட பாஸ்போட் எங்க? கட்டடம் விழுந்திருச்சாமே, தூதரகத்துக்கு எழுதணும்."

நதீம் காருக்குப் போய், முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியைத் திறந்து எடுத்துவந்தார். என் பாஸ்போர்ட். ஒரு தூசிகூட இல்லை.

அப்படியென்றால் அன்றைக்குப் போகும்போதே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பாவை விட்டார்கள். பூனையையும் என் பாஸ்போர்ட்டையும் மறக்கவில்லை.

"நீயும் வா லோகி. ஹனான் கூட்டிட்டு வரச் சொன்னா. இப்ப கார்ல எடம் இருக்கு," என்றார்.

"இல்ல மிஸ்டர். நான் வரல."

என் வாயிலிருந்து வந்தது என்று நம்பவே முடியவில்லை. மறுபடி ஒருமுறை சொன்னேன்.

கிழவரை ஏற்றும்போது நான்தான் காலை மடித்து உள்ளே வைத்தேன். வழிக்கு ஒரு சுருள் கொடுத்தேன். கடிக்கவில்லை. மடியில் வைத்து அதன்மேல் கையை மூடிக்கொண்டார். அன்று திறந்த கதவால் நான் ஓடியதைப் பார்த்த கண்களால் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கார் போனபிறகு சாமான் அறையைக் கூட்டி, விரிப்பைத் துவைத்துப் போட்டேன். இரண்டு தடவை துவைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

விமானத்தில் எழுதுகிறேன்.

நம் நாட்டுப் பெண்கள் சிலருக்கு இடம் கிடைத்ததாக நேற்றுச் சொன்னார்கள். இன்று விடியற்காலை வேன். ஹிவோத்துக்கு இல்லை. அவளுடைய பாஸ்போர்ட் அவளுடைய மெடத்திடம் இருக்கிறது, மெடம் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. பட்டியலில் என் பெயர் வந்ததை அவளிடம் சொல்ல மூன்று தடவை போய் மூன்று தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டு வந்தேன். கடைசியில் அவளே, "வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

வேனில் ஏறப்போகும்போது ஓடிவந்தாள். அவள் வாளி மாவு பொங்கியிருக்கிறது. சுட்ட ரொட்டி, பஞ்சுபோல, ஓட்டை ஓட்டையாக. அதில் ஒரு துண்டு கிழித்து, சிவப்புக் குழம்பில் துவட்டி, விரலாலேயே சுருட்டினாள்.

"வாயத் தெற."

"வேணாம் ஹிவோத், எறங்காது."

"எங்க ஊர்ல இத வேணாம்னு சொல்லக்கூடாது. கையால ஊட்டினா வாங்கணும். எவ்வளவு பெருசா ஊட்டுறமோ அவ்வளவு பாசம்."

என் வாய்க்குப் பெரியது. அவள் விரலோடு உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தினார்கள்.

விமான நிலையத்துக்குப் போகும் வீதி எங்கள் பழைய பகுதியின் ஓரத்தால்தான் போகிறது. ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு வேகமாக விட்டார். இரண்டு பக்கமும் புகை. ஓர் இடத்தில் இன்னும் நெருப்பு. பக்கத்தில் இருந்த பெண் கந்தசஷ்டி சொல்லத் தொடங்கி, வரி மறந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி மறந்தாள். எனக்கு வாயில் எச்சில் இல்லை. அந்தச் சுருள் கன்னத்தில் அப்படியே இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. குடிவரவு அதிகாரி பெயரைக் கேட்டபோது வாயை மூடியபடி பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

விமானம் ஓடத் தொடங்கியபோது எதிர்ப்பக்கம் ஒரு வெளிச்சம். எல்லாரும் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. முதல் நாளிலிருந்தே பயமாகத்தான் இருந்தது. தெருமுனை வரை ஓடியதும் அந்தப் பயத்தில்தான். திரும்பி வந்ததும் வேறு எதனாலோ அல்ல, தனியாக ஓடுவது இன்னும் பயமாக இருந்ததால்தான்.

கண்ணைத் திறந்தபோது கீழே கடல். வெயில் பட்டு வெள்ளையாக. அப்போதுதான் நாக்கு நனைந்தது. புளிப்பும் உறைப்பும் தெரிந்தன. மெல்ல மெல்ல மென்றேன். விழுங்கினேன்.

ஹிவோத்துக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். இறங்கியதும் அனுப்ப வேண்டும். அதுவரை அவள் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும், மண்டபமும் இருக்க வேண்டும்.